காணாமல் போன இருநூற்றுப் பன்னிரண்டு சட்டைகள்

ஜூன் 3, திங்கள்

டாக்டர் ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கிவிட்டார். "கத்தணும்னா பேப்பர்ல கத்து, கோமளா" என்று என் கணவர் மனோகரன், எனக்குக் கம்பெனியில் கொடுத்த புதுவருட டைரியைத் தூசி தட்டி நீட்டினார். ஆறு மாதமாகப் பிரிக்காத டைரி. சரி, கத்துகிறேன்.

இன்றிலிருந்து எங்கள் பனியன் கம்பெனியில் கை எண்ணிக்கை கிடையாது. பத்தொன்பது வருடம் முன்பு நூல் வெட்டும் ஹெல்பராக உள்ளே வந்தவள் நான். இப்போது டிஸ்பேட்ச் சூப்பர்வைசர். என் பேனா டிக் போடாமல் ஒரு பெட்டியும் இந்தக் கட்டடத்தை விட்டுப் போனதில்லை. இனி பேனா வேண்டாமாம். ஒவ்வொரு சட்டையின் விலை அட்டைக்குப் பின்னாலும் ஒரு ஸ்டிக்கர். அதற்குள் கடுகை விடச் சின்னதாக ஒரு சிப், சுற்றிலும் மெல்லிய கம்பி. ஆர்எஃப்ஐடி என்று பெயர். அயர்னிங்கிலிருந்து பேக்கிங்குக்குச் சட்டை வரும் வாசலில் ஒரு ரீடர். மூடிய பெட்டி வெளியே போகும் வாசலில் இன்னொரு ரீடர், சுரங்கம் மாதிரி. இரண்டும் ரேடியோ அலையில் எண்ணிக்கொள்ளும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

முதலாளி மகன் விஷாகன் லண்டனில் படித்துவிட்டு வந்திருக்கிறார். நாங்கள் சின்னவர் என்போம். பேக்கிங் ஹாலில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். "மனுஷன் எண்ணினா தப்பு வரும். மெஷினுக்குத் தூக்கம் வராது, பேச்சு வராது, பொய்யும் வராது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு எதற்கு அந்தச் சிரிப்பு? பத்தொன்பது வருடத்தில் நான் தூங்கி ஒரு பெட்டி தவறியதா?

வேகம்தான், அதை மறைக்கவில்லை. நாற்பது சட்டை உள்ள பெட்டி மூன்று நொடியில் முடிந்தது.

ஜூன் 5, புதன்

நான்காம் மேசைக்கு இன்று புது ரகம் வந்தது. குழந்தைகள் டி-ஷர்ட், நெஞ்சு முழுக்க வெள்ளி ஃபாயிலில் பெரிய நட்சத்திரம். பிரிண்டிங்கில் இருந்து முதல்முறையாக இன்றுதான் இறங்குகிறது, இரண்டு வாரம் தாமதம். பிரிண்டிங்காரர்களுக்குக் கடிகாரம் என்று ஒன்று இருப்பது தெரியுமா?

"ஏனுங் அம்மணி, கண்ணாடியாட்டம் மினுக்குது. எம் மொகமே தெரியுது பாருங்க" என்றாள் மயிலக்கா. நான்காம் மேசையில் பதினோரு வருடமாக இருக்கிறாள். பெயர் மயிலாத்தா, என்னை விட மூன்று வயது மூத்தவள். நான் சூப்பர்வைசர் ஆன பிறகும் அம்மணி என்று கூப்பிடுகிற ஒரே ஆள். மத்தியானம் அவள் டப்பாவில் இருந்து கொள்ளுப் பருப்பு எடுத்து என் தட்டில் போட்டாள்.

மெஷின் பொருத்திய கோயம்புத்தூர் இன்ஜினியர் ஜெரால்டு போன மாதம் கொடுத்த சோதனைத் தாள்களை ஃபைலில் சேர்த்தேன். ஐந்து ரகம், ஐந்து தாள். ஒவ்வொரு ரகத்திலும் இருபது பெட்டியைச் சுரங்கத்தில் ஓட்டி, கையாலும் எண்ணி, ஒத்துப்போகிறதா என்று எழுத வேண்டும். ஐந்திலும் என் கையெழுத்து இருக்கிறது. சின்னவர் அவசரப்படுத்தியது அப்படி.

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் புக் செய்ய மனோகரனுக்கு மூன்று முறை சொல்லியாயிற்று.

ஜூன் 7, வெள்ளி

முதல் வாசலில் உள்ளே வந்த வெள்ளி நட்சத்திரச் சட்டை: 4000. இரண்டாம் வாசலில் வெளியே போனது: 3788.

இருநூற்றுப் பன்னிரண்டு சட்டை குறைகிறது என்று திரை சிவப்பாக நின்றது. கன்டெய்னர் வண்டி மூன்றரைக்கே வந்து இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நின்றது. நான்கு மணிக்குக் கிளம்பினால்தான் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்கலாம்.

"நூறு பெட்டிதான் சார். ஆறு பேர் கொடுங்க, ஒரு மணி நேரத்துல பிரிச்சு எண்ணிடறேன்" என்றேன்.

"ஒட்டின பெட்டியப் பிரிக்கறதுக்கா இவ்வளவு செலவு பண்ணினேன்? கொறைஞ்சத ஜெர்மனி பையர்கிட்ட நான் பேசிக்கறேன். பெட்டி போகட்டும்" என்றார் சின்னவர். பிறகு பேக்கிங் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு வாசலுக்கும் நடுவுல இந்த ரகத்தத் தொடறது நாலாம் மேசை மட்டும்தான?"

வண்டி போனது. சட்டைக்கு இறக்கையா முளைக்கும் என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வண்டிக்காரன் ஹாரன் அடித்தே என் மண்டையைப் பிளந்துவிட்டான்.

ஜூன் 8, சனி

சாயங்காலம் ஐந்தரை சைரனுக்குப் பிறகு கேட்டில் சோதனை நடந்தது. முன்னூறு பெண்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். ஹேர் டிரையர் மாதிரி ஒரு கை ரீடர். ஸ்டிக்கர் பக்கத்தில் இருந்தால் கீச்சென்று கத்தும்.

மயிலக்காவிடம் கத்தியது.

செக்யூரிட்டி பக்கத்தில் உள்ள அறைக்கு அழைத்துப் போகப்பட்டாள். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதனால் முறைப்படிதான் எல்லாம் நடந்தது. புடவை உதறப்பட்டது. டப்பா திறக்கப்பட்டது. கடைசியில் அவளுடைய செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு ஸ்டிக்கர் கிடைத்தது. ஒன்றே ஒன்று. எச்.ஆர். மேனேஜர் சந்தானகோபால் அதை இடுக்கியால் எடுத்து ஒரு கவருக்குள் போட்டு, கவரின் மேல் தேதி எழுதினார். சினிமாவில் கொலை வழக்கில் செய்வது போல.

"ஸ்டிக்கரப் பிச்சுப் போட்டுட்டு சட்டையக் கடத்தியிருக்கா" என்றார் சின்னவர். வெளியே வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

கை ரீடரைக் கழிவறைத் தொட்டியில் போட்டு மூழ்கடிக்க வேண்டும் போல இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

எட்டு நாளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர். நான்கு டிரம், இரண்டு அண்டா, எல்லாப் பாத்திரமும் நிரப்பினேன். பக்கத்து வீட்டுக்காரி மோட்டார் வைத்து உறிஞ்சுகிறாள். கேட்டால் சண்டைக்கு வருகிறாள். நானும் போனேன். மனோகரன் என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

மயிலக்கா ஏன் அழவில்லை? அழுதிருந்தால் யாராவது பாவம் என்றாவது சொல்லியிருப்பார்கள். மரம் மாதிரி நின்றாள். ஜாக்கெட்டில் இரண்டு கொக்கி போய், சேஃப்டி பின் குத்தியிருந்தாள். கீழே இருந்த பின் துருப்பிடித்திருந்தது. அதைக் கழற்றும்போது கூட ஒரு வார்த்தை இல்லை.

ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாம். அப்படி என்ன திமிர்.

ஜூன் 10, திங்கள்

மயிலக்காவை சஸ்பெண்ட் செய்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி விசாரணை. நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டிய அவசியம் என்ன? கேன்டீன் மெனுவுக்குக் கீழே அவள் பெயர்.

சந்தானகோபால் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நகர்த்தினார். சாட்சி வாக்குமூலம். டைப் அடித்தே வைத்திருந்தார்.

"கையெழுத்துப் போட்டாப் போதும் மேடம். நீங்க பாத்ததைத்தான் எழுதியிருக்கேன்."

"படிச்சுட்டுப் போடறேன்" என்று பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திருட்டு என்று வெளியே போனால் இந்த ஊரில் அவளுக்கு எந்தக் கம்பெனிக் கதவும் திறக்காது. மேனேஜர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். அவள் குடியிருக்கும் லைன் வீட்டு வரிசையில் இருந்தே எங்கள் கம்பெனிக்கு ஒன்பது பேர் வருகிறார்கள். இன்று அதில் ஒருத்தி சொன்னாள், மயிலக்கா பொதுக் குழாய்க்கு வருவதில்லையாம், மகன்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறானாம்.

ஜூன் 12, புதன்

ரவையில் வண்டு. முழுவதையும் கொட்டினேன். வாக்குமூலத்தை இன்னும் படிக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

வெள்ளி நட்சத்திரத்தின் அடுத்த பாதி இன்று வந்தது. நான்காம் மேசையில் இரண்டு புதுப் பெண்கள். மயிலக்கா இல்லை. அவள் கம்பெனி வாசலை மிதித்தே ஐந்து நாள் ஆகிறது.

முதல் பெட்டி: 38. இரண்டாவது: 36. மூன்றாவது: 37.

சின்னவர் மாடிக் கண்ணாடி அறையில் இருந்து இறங்கி வந்தார். திரையைப் பார்த்தார். "அப்ப கூட்டாளிங்க உள்ள இருக்காங்க" என்றார். எனக்குக் காதுக்குள் ரத்தம் இரைந்தது. மயிலக்கா போன பிறகும் குறைந்தால் மயிலக்கா திருடவில்லை என்று அர்த்தம் இல்லையாம், இன்னும் இரண்டு பேர் திருடுகிறார்கள் என்று அர்த்தமாம். லண்டனில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா?

அவர் சாப்பிடப் போன பிறகு முதல் பெட்டியைத் தனியே எடுத்தேன். ஒட்டிய டேப்பைத் தொடவில்லை. சுரங்கத்தில் மறுபடி விட்டேன். 37. திருப்பிப் போட்டு விட்டேன். 39. பக்கவாட்டில் வைத்து விட்டேன். 36.

ஒரே பெட்டி. மூடிய பெட்டி. அதற்குள் சட்டை போவதும் வருவதுமாக இருக்கிறதா?

டேப்பைக் கிழித்துத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினேன். நாற்பது. இன்னொரு தரம். நாற்பது. ஒரு சட்டையை விரித்துப் பார்த்தேன். நெஞ்சு முழுக்க வெள்ளி. மடிக்கும்போது விலை அட்டை சரியாக அந்த நட்சத்திரத்தின் மேல் வந்து படுத்துக்கொள்கிறது. பெட்டிக்குள் நாற்பதும் நெருக்கமாக அமுங்கியதும், நடுவில் இருக்கிற ஸ்டிக்கர்களுக்கு மேலும் கீழும் உலோகம். முதல் வாசலில் சட்டை விரிந்து தொங்கிக்கொண்டு வருகிறது, அதனால் நாலாயிரமும் தெரிந்திருக்கிறது.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டு எங்கேயும் போகவில்லை. பெட்டிக்குள்ளேயே இருந்தது. இந்த மூடச் சுரங்கத்துக்குக் கண் தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

காலையில் ஜெரால்டுக்குப் போன் போட்டுக் கத்தினேன். உன் மெஷினால் ஒரு பெண்ணின் மானம் போய்விட்டது, உனக்கு வீட்டில் அம்மா இல்லையா என்று என்னென்னவோ கேட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"மேடம், ஃபாயில் இருந்தா ஸ்டிக்கர ரீடர் சரியாப் படிக்காது. மெட்டலும் தண்ணியும் ரேடியோ அலைக்கு ஆகாதுன்னு முதல் நாளே சொன்னேன். அதுக்குத்தான் ஒவ்வொரு ரகத்தையும் ஓட்டிப் பாக்கச் சொல்லித் தாள் கொடுத்தேன்."

"சரி, இருக்கட்டும்."

"தாள் என் முன்னாடி இருக்கு மேடம். அஞ்சாவது ரகம், வெள்ளி நட்சத்திரம். இருபது பெட்டி, இருபதுலயும் நாப்பதுக்கு நாப்பது. மே இருபதாம் தேதி போட்டிருக்கு. அந்த ரகம் ஓட்டிப் பாத்தீங்களா?"

போனை வைத்துவிட்டேன்.

என்ன தைரியம். நேற்றுப் பையன் என்னைக் கேள்வி கேட்கிறான்.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாளாக வீட்டில் எல்லோர் மேலும் பாய்ந்தேன். மகள் ஹாஸ்டலில் இருந்து போன் செய்தாள், அவள் மேலும். மனோகரன் கடைசியில் கேட்டார், "யார் மேல கோவம் உனக்கு?"

எழுதுகிறேன். மே இருபதாம் தேதி வெள்ளி நட்சத்திரச் சட்டை ஒன்று கூட இந்தக் கட்டடத்தில் இல்லை. ஜூன் ஐந்தாம் தேதிதான் வந்தது. மீதி நான்கு ரகத்தையும் ஓட்டிப் பார்த்திருந்தேன், நான்கும் சரியாக இருந்தது. ஐந்தாவதும் அப்படித்தான் இருக்கும், சட்டை சட்டைதானே என்று நினைத்தேன். சின்னவர் அன்றைக்குள் தாள் வேண்டும் என்றார். மேசையிலேயே உட்கார்ந்து இருபது வரியிலும் நாற்பது, நாற்பது, நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத நான்கு நிமிடம் ஆகியிருக்கும். எண்ணாமல் டிக் போடாதவள் என்று இந்த டைரியின் முதல் பக்கத்தில் பீற்றிக்கொண்டவளும் நான்தான்.

இன்னொன்று. அந்த அறையில் சோதனை "நடந்தது" என்று எழுதியிருக்கிறேன். தானாக நடக்கவில்லை. கம்பெனியில் பெண் சூப்பர்வைசர் நான் ஒருத்திதான். கேட்டில் கை ரீடர் என் கையில் இருந்தது. அறைக்குள் அவள் புடவையை உதறியது நான். அந்தத் துருப்பிடித்த பின்னைக் கழற்றியது என் விரல். "சட்டுனு முடிச்சுடலாம் மயிலக்கா" என்று கூடச் சொன்னேன், ஏதோ ஊசி போடும் நர்ஸ் மாதிரி.

மனோகரனிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் எனக்கு மாத்திரை எடுத்து வந்தார். அதற்கும் கோபம் வந்தது. மாத்திரையில் தீருகிற விஷயமா இது.

ஜூன் 17, திங்கள்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சின்னவர் அறைக்கே போனேன். சந்தானகோபாலும் இருந்தார். ஜெரால்டை வரச் சொல்லியிருந்தேன், வந்திருந்தான். எல்லோரையும் கீழே அழைத்து வந்து, மறுபடி அடுக்கி ஒட்டியிருந்த அந்தப் பெட்டியை அவர்கள் கண் முன்னால் நான்கு முறை சுரங்கத்தில் விட்டேன். நான்கு எண். பிறகு திறந்து எண்ணிக் காட்டினேன்.

எல்லோரும் மாடி அறைக்குத் திரும்பினோம். சின்னவர் சொன்னார், "சரி. மெஷின செட் பண்ணிக்கலாம். ஆனா செருப்புல ஸ்டிக்கர் இருந்துச்சே?"

"அந்தக் கவரக் குடுங்க" என்றான் ஜெரால்டு. கவரைப் பிரிக்காமலே கை ரீடரை மேலே வைத்தான். லேப்டாப்பில் ஒரு நீளமான எண் வந்தது. தேடினான். "இது எந்தச் சட்டையிலயும் ஒட்டாத ஸ்டிக்கர் சார். ஆறாம் தேதி பிரிண்டர்ல கோணலா அடிச்சு கேன்சல் ஆனது. உரிச்சுக் கீழ போட்டிருப்பாங்க. ஹால் முழுக்க தரையில கெடக்கு, இப்ப வரும்போதே பாத்தேன்."

ஒவ்வொரு சட்டைக்கும் தனி எண், உலகத்தில் அதே எண் இன்னொன்றுக்குக் கிடையாது என்று மேடை போட்டுப் பெருமை பேசினார்களே, ஒன்பது நாளாக அந்தக் கவர் அவர்கள் ஃபைலில் இருந்தது. ஒருத்தருக்கும் அந்த எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஜெரால்டு வெளியே போனதும் சின்னவர் குரல் இறங்கியது. "மேடம், இதப் பெருசு பண்ண வேண்டாம். சந்தேகத்தின் பலனக் குடுத்து, ஒரு வார்னிங் லெட்டரோட அந்தம்மாவத் திரும்ப எடுத்துக்கலாம். மே இருபதாம் தேதித் தாளையும் நான் பாத்தேன். அது வெளிய வராது."

"எதுக்கு சார் வார்னிங்? தரையில நடந்ததுக்கா?"

"யோசிச்சு சொல்லுங்க மேடம்" என்றார் சந்தானகோபால். அந்த மனிதர் எப்போதும் சிரித்த முகமாகவே இருப்பார். இன்று அந்தச் சிரிப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும் போல இருந்தது.

வெட்கக்கேடு என்னவென்றால், யோசித்தேன். பஸ்ஸில் வீடு வரும் வரை யோசித்துக்கொண்டுதான் வந்தேன். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. மனோகரனின் ஜெராக்ஸ் கடையை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

ஜூன் 19, புதன்

விசாரணை. வெளியில் இருந்து ஒரு வக்கீல் விசாரணை அதிகாரியாக வந்திருந்தார். மயிலக்கா மகனோடு வந்தாள். மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். வெளுத்த பச்சைப் புடவை, கையில் மஞ்சள் பை. என்னைப் பார்க்கவில்லை.

வக்கீல் கேட்டார், "நீங்க ஏதாச்சும் சொல்ல விரும்பறீங்களா?"

"நான் எடுக்கலீங்க" என்றாள். "அவ்வளவுதானுங்."

பிறகு என் முறை. டைப் அடித்த வாக்குமூலத்தை மடித்த மடிப்போடு மேசையில் வைத்தேன். "இதுல நான் கையெழுத்துப் போடல. போடவும் மாட்டேன்" என்றேன். சட்டை குறையவில்லை, ரீடர்தான் படிக்கவில்லை என்றேன். ஸ்டிக்கர் எண்ணைச் சொன்னேன். பிறகு மே இருபதாம் தேதித் தாளைப் பற்றியும் சொன்னேன், ஓட்டிப் பார்க்காமல் எழுதியது நான் என்று. சந்தானகோபாலின் பேனா நின்றுவிட்டது.

வக்கீல் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது உங்களுக்கு எதிரா பதிவாகும். தெரியுமில்ல?"

"பதியுங்க சார். தமிழ்லயே பதியுங்க. மயிலாத்தாளுக்குப் படிச்சுக் காட்டணும்."

அப்போதும் அவள் திரும்பவில்லை. பையின் கைப்பிடியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள்.

ஜூன் 21, வெள்ளி

ஜெர்மனியில் இருந்து பையர் மெயில் அனுப்பியிருக்கிறார். பெட்டிகள் கப்பல் மாறும் கொழும்பு குடோனில் அவர்கள் ரீடரிலும் குறைவாகக் காட்டியதாம், சந்தேகப்பட்டுக் கையால் எண்ணினார்களாம். நாலாயிரமும் இருக்கிறது. அங்கே சந்தேகம் வந்ததும் பெட்டியைத் திறந்தார்கள். இங்கே ஒரு பெண்ணின் ஜாக்கெட்டைத் திறந்தோம்.

மயிலக்காவுக்குக் கடிதம் தயார். "குற்றச்சாட்டு போதிய ஆதாரத்துடன் நிரூபிக்கப்படாததால் பணிக்குத் திரும்ப அனுமதிக்கப்படுகிறார்." திருடவில்லை என்று ஒரு சொல் இல்லை. மன்னிப்பு என்று ஒரு எழுத்து இல்லை. "இப்படித்தான் மேடம் எழுதறது வழக்கம்" என்றார் சந்தானகோபால். நோட்டீஸ் போர்டில் போடுவீர்களா என்று கேட்டேன். அது வழக்கம் இல்லையாம். அன்றைக்கு மட்டும் வழக்கமாக இருந்தது.

எனக்கும் ஒரு கடிதம். பொய்ச் சோதனைத் தாள் எழுதியதற்காக நூல் குடோனுக்கு ஹெல்பராக மாற்றம், இல்லையென்றால் ராஜினாமா. திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இதில் மட்டும் எனக்குச் சண்டை இல்லை. எழுதியது நான்தான்.

ஜூன் 22, சனி

சாயங்காலம் மயிலக்கா வீட்டுக்குப் போனேன். லைன் வீட்டில் கடைசி அறை. வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மகன் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காருங்க மேடம்."

மேடம். பதினோரு வருடத்தில் முதல்முறை.

கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், தாளைப் பற்றி, நான்கு நிமிடத்தைப் பற்றி. அவள் அதையெல்லாம் விசாரணையில் கேட்டிருந்தாள். கேட்டுக்கொண்டே துணியை எடுத்து மடித்தாள்.

"தாள் கெடக்குதுங்க மேடம்" என்றாள். "நீங்க எழுதினது எனக்குப் பெருசில்லீங்க. அவசரத்துல ஆரும் எழுதுவாங்க. அந்த ரூம்ல நீங்க எம் மொகத்தையே பாக்கலீங்க. ஒருக்கா நிமுந்து பாத்து, எடுத்தியாடீன்னு கேட்டிருந்தாக் கூட, இல்லம்மணின்னு சொல்லியிருப்பனுங். நீங்க கேக்கவே இல்லீங்களே. மெஷினு கத்துச்சு, நீங்க பின்னக் கழட்டுனீங்க."

முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"அழுவாதீங்க. எனக்கு இப்ப உங்க அழுவையப் பாத்துட்டு இருக்க நேரமில்லீங்க. சோறு வடிக்கோணும்."

"கடிதம் வந்துதா மயிலக்கா?"

"வந்துச்சு. பையன் படிச்சான். நிரூபிக்கப்படாததால்ங்கறான். அப்பிடின்னா என்னன்னு கேட்டேன். எடுத்திருப்ப, ஆனா புடிக்க முடியலைன்னு அர்த்தம்மாங்கறான்." துணியைக் கட்டிலில் போட்டாள். "நான் அங்க திரும்ப வரலீங்க. அவினாசி ரோட்டுல ஒரு கம்பெனியில செக்கிங்குக்குக் கேட்டிருக்கேன். அங்கயும் ஆராச்சும் கேப்பாங்கல்ல? இந்தக் காயிதத்தையா காட்டறது? அன்னிக்கு கேட்ல முன்னூறு பேரு பாத்தாங்க. அந்த முன்னூறு பேரும் பாத்தது பாத்ததுதானுங்க. அவிங்களுக்கு ஆரு காயிதம் குடுப்பா?"

பழத்தை அவள் வாங்கவில்லை. திருப்பி எடுத்துப் போகவும் சொல்லவில்லை. நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 24, திங்கள்

காலையில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். சின்னவர் படித்துவிட்டு, "வெள்ளி நட்சத்திரத்துக்கு மட்டும் கை எண்ணிக்கை வச்சுட்டோம் மேடம்" என்றார், ஏதோ எனக்குப் பரிசு கொடுப்பவர் போல. பதில் சொன்னால் கத்திவிடுவேன் என்று வெளியே வந்துவிட்டேன். பகல் முழுக்கப் பொறுப்புகளை எழுதிக் கொடுத்தேன். தரையில் கிடந்த கேன்சல் ஸ்டிக்கர்களைப் பெருக்கிச் சேர்த்தால் ஒரு முறம் இருந்தது. அதை அள்ளிக்கொண்டு போய் சந்தானகோபாலின் மேசை மேல் கொட்டினேன். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

ஐந்தே காலுக்கு மயிலக்கா வந்தாள். அடையாள அட்டையையும் ஓவர்கோட்டையும் ஒப்படைக்க வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். செக்யூரிட்டி அறை ஜன்னலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சைரன் ஊதியது. பெண்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். அவளைப் பார்த்ததும் சிலர் நடையை மெதுவாக்கினார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள்.

கேட்டை ஒட்டி, வண்டி திரும்பும் இடத்தில் முழங்கால் உயர சிமெண்டு மேடை ஒன்று உண்டு. அதில் ஏறி நின்றேன். ஏறும்போது முழங்கால் வலித்தது. "ஒரு நிமிஷம் எல்லாரும் நில்லுங்க" என்று கத்தினேன். கத்துவது எனக்குப் பழக்கம்தானே.

நின்றார்கள். செக்யூரிட்டி ஓடி வந்து, "மேடம், எறங்குங்க மேடம், மேல இருந்து சார் பாக்கறாரு" என்றான். "பாக்கட்டும்" என்றேன்.

"மயிலாத்தா திருடல" என்றேன். "ஒரு சட்டையும் காணாமப் போகல. நாலாயிரமும் போய்ச் சேந்துருச்சு. மெஷினுக்கு வெள்ளி ஃபாயில் தெரியாது. அத முன்னாடியே சோதிச்சுப் பாத்திருக்க வேண்டியது நான். பாக்காமலே பாத்ததாப் பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பறம் இதே எடத்துல வச்சு இவங்களச் சோதன போட்டதும் நான். எடுத்தியான்னு ஒரு வார்த்த கேக்கல. தப்பு இவங்களோடது இல்ல. என்னோடது."

பின்னால் இருந்து வந்தவர்கள் முன்னால் நின்றவர்களை என்ன என்ன என்று கேட்டுக்கொண்டு நெருக்கினார்கள். இறங்கப் பார்த்தேன்.

மயிலக்கா ஜன்னலை விட்டு நகர்ந்து மேடைக்கு எதிரே வந்து நின்றாள். இந்தப் பதினாறு நாளில் இன்றுதான் என்னை நேராகப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த முகத்தில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. கோபம்தான் இருந்தது, என்னுடையதை விடப் பெரிய கோபம்.

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க" என்றாள். "இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன்.

அதற்குள் இரண்டாம் மாடி தையல் லைன் இறங்கி வந்தது. அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

மூன்றாவது முறையும் சொன்னேன்.